பஸ்லினாவின் அரை நோன்பு

என் மகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் அவளைச் சுவர்க்கத்துப் பறவை என்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பறவையா அவள்? மடவளையில் எங்கள் ஒழுங்கையில் அவள் சத்தம் கேட்காத வீடு கிடையாது. தன் நானா, என் மூத்த மகன் ருஷ்தியின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து, இறக்கத்தில் விட்டு, நேராக வாய்க்காலுக்குள் போனவள். சேறும் சகதியுமாக எழும்பி வந்து, வாய்க்கால்தான் குறுக்கே வந்தது என்று வாதாடியவள். அவள் இருந்த எட்டு வருடமும் நான் ஒரு கோப்பை தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்ததில்லை. இப்போது தாராளமாகக் குடிக்கிறேன்.

என் பெயர் ருக்கியா. கணவர் அரூஸ் கண்டி டவுனில் திரீவீல் ஓட்டுகிறார். பின்னேரங்களில் மலைப்பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கி எங்கள் வளவு முழுக்கப் பரவும். அந்த நேரத்தில் நான் வாசலில் நின்றால், எங்கோ பக்கத்தில் அவள் ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கிச் சிரிப்பது போலவே இருக்கும். பயமெல்லாம் இல்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருவேன்.

எங்களவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு அரை நோன்பு பழக்குவார்கள். விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சாப்பிட்ட பிள்ளை மத்தியான லுஹர் பாங்கு வரைக்கும் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. அது ஒரு அரை. பகல் சோறு தின்ற பிறகு பொழுது சாயும் மஃரிப் வரைக்கும் பொறுத்திருந்தால் மற்ற அரை. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முழு நோன்பு என்று சொல்லி வைப்போம். மற்றப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடும். பஸ்லினா போகவில்லை.

“ஆரும்மா தைக்கிற?” என்று கேட்டாள்.

“மலக்குமார்” என்றேன், வானவர்களைச் சொல்லி.

“எங்க வெச்சித் தைக்கிற?”

வாய்க்கு வந்தபடி, “வானத்துல” என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து வானத்தில் அவளுக்கு ஒரு தையல் கூடம் வந்துவிட்டது. நோன்புக் காலத்துப் பின்னேரங்களில் என் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அதைப் பற்றிச் சொல்லுவாள். முடிவே இல்லாத கூடமாம். எல்லாப் பிள்ளைகளின் அரை நோன்பும் அங்கே வெள்ளை வெள்ளையாகத் தொங்குமாம். அவளுடையது மட்டும் நீலம், அவள் கேட்டு வாங்கியது. தைக்கிற மலக்கு ஒரு பெண்; கண்ணாடி போட்டவள்; சோம்பேறி; நூல் முடிந்தால் கண்டிக்கு வந்துதான் வாங்கவேண்டும், பஸ்ஸில் இடம் கிடைக்காதாம். எனக்கு நோன்புக் களைப்பில் பாதித் தூக்கமாக இருக்கும். அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூடத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் கைகோத்து நடந்த மாதிரியே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஏழு வயதில் அவள் கால்களில் தோல் நீல நீலமாகக் கன்றத் தொடங்கியது. சைக்கிளில் விழுந்ததுதான் என்று ஏசினேன். இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அதற்குப் பிறகு கண்டி ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்ட்தான் எங்களுக்கு வீடு. அங்கேயும் அவள்தான் ராணி. ஊசி போட வருகிற மிஸ்ஸிடம், ஒரு ஊசிக்கு ஒரு கதை என்று சிங்களத்தில் பேரம் பேசுவாள். முடி கொட்டியதும் ருஷ்தியைக் கூப்பிட்டு, மொட்டையைத் தடவிப் பார்க்க ஒரு டொபி கேட்டாள்.

பக்கத்துக் கட்டில் பையன் யுகேஷ். அவனுக்கும் அதே வருத்தம். அவன் அம்மா ஜெயராணி தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி; பல்லேகல கார்மென்ட்டில் தைக்கிற வேலை. இரண்டு தாய்மாரும் ஒரே பாயில் படுத்து, ஒரே பார்சல் சோற்றைத் தின்று, மாறி மாறி அழுதோம்.

அடுத்த நோன்பு வந்தது. பஸ்லினாவோடு படித்த பிள்ளைகள் எல்லாம் முழு நோன்பு பிடித்துவிட்டார்கள். அவளுக்கும் ஒன்று வேண்டும். முழுசாக ஒரேயொரு நோன்பு. டாக்டர் முடியாது என்றார். நானும் முடியாது என்றேன். அவள் என்னோடு பேசுவதையே விட்டாள். அந்த வாய் மூடியிருந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன், தாங்க முடியவில்லை. கடைசியில் டாக்டரே மனமிரங்கி, ஒரு நாளைக்கு, பகல் வரைக்கும் மட்டும் என்றார். சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது என்ன நோன்பு என்று சட்டம் பேச நான் போகவில்லை.

லுஹர் வரைக்கும் பிடித்தாள். ஒரு ஈச்சம்பழத்தால் நோன்பு திறந்தாள். வார்ட் முழுக்கக் கைதட்டியது. பகல் கடந்ததும் காய்ச்சல் ஏறியது. “மத்த அரைய நாளைக்குப் புடிக்கலாம் மகள்” என்றேன். அவள் யுகேஷின் கட்டில் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. பெருநாளைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மத்தியான மழையோடு போய்விட்டாள்.

ஆண்கள் அவளை அடக்க மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டில் இருந்து அந்த மற்ற அரைக்காக அழுதேன். பைத்தியம்தான். பிள்ளையே போய்விட்டாள், அரை நோன்புக்கு அழுகிறேன். ஆனால் அழுகை அதற்குத்தான் வந்தது. அரூஸ் மவுலவியிடம் போய்க் கேட்டுவந்து, சின்னப் பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லையாம், அவளுக்கு ஒரு குறையும் இல்லையாம் என்றார். எனக்கும் தெரியும். அவள் கேட்டது கடமையை இல்லையே. முழுசாக ஒன்று. அதை நான் நாளைக்கு என்றுவிட்டேன் என்பதுதான் வருடம் முழுக்க என்னைத் தின்றது.

போன மாதம் ஜெயராணி ஒரு பை கொய்யாப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். யுகேஷ் சுகமாகிப் பள்ளிக்கூடம் போகிறானாம். எனக்குச் சந்தோஷம். பொறாமையும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அவள் கதிரை நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் அழத் தொடங்கினாள்.

“அக்கா, ஒன்னு சொல்லணும். திட்டுனாலும் பரவாயில்ல. பாப்பா நோன்பு புடிச்ச அன்னைக்கு நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்க. பாப்பா என்னையக் கூப்புட்டு, ‘ஆன்டி, நீங்க தைக்கிற ஆள்தானே, மத்த அரைய நீங்க புடிச்சு சேத்துத் தைச்சிருங்க’ன்னு சொல்லுச்சு. நானும் சரின்னேன். வெளக்கு வைக்கிற வரைக்கும் ஒன்னும் சாப்புடலக்கா. ஆனா நடுவுல யுகேஷ் வாந்தி எடுத்தான். அந்த அவசரத்துல மறந்துபோய் மடக்குன்னு தண்ணியக் குடிச்சிட்டேன். பாப்பாகிட்ட சொல்லல. முழுசாப் புடிச்சேன்னேன். அது சிரிச்சிச்சு.” முகத்தைப் பொத்திக்கொண்டாள். “நான் கெடுத்துப்புட்டேன். அதனாலதான் பாப்பா போயிருச்சோன்னு...”

ஒரு வருடம் இதைச் சுமந்துகொண்டு கார்மென்ட்டுக்குப் போய் வந்திருக்கிறாள், பாவி. நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.

“மறந்து குடிச்சா நோன்பு முறியாது ஜெயராணி. அது அல்லாஹ் குடிக்கத் தந்த தண்ணி. எங்கட மார்க்கத்துல அப்பிடித்தான் ஈக்கி.”

“நெசமாவா அக்கா?”

“சத்தியமா.”

“அப்போ பாப்பாவோட நோன்பு?”

“முழுசு” என்றேன்.

இரண்டு பேர் பிடித்த அரைகள் ஒரு நோன்பாகுமா, இதையும் மவுலவியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கேட்க மாட்டேன்.