வலம் வந்த இண்டியானாபொலிஸ்

அன்னம்மாக்காவின் கதிர்க்கட்டுகள் முழுவதையும் சூட்டிலிருந்து பிரித்துக் களத்தில் பரப்பிய பிறகுதான் முல்லைத்தீவுப் பக்கம் வானம் கறுத்தது. போராகக் குவித்து வேய்ந்த சூடு மழையைத் தாங்கும். பிரித்துப் பரப்பிய கதிர் தாங்காது, நனைந்து முளைத்துவிடும். ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு அப்படி வெளியே கிடக்க, அதை அடித்துக் கொடுக்க வந்த இரண்டு உழவு மெசின் சாரதிகள் களத்து விளிம்பில் நின்று, றேஸ் காருக்கு என்ஜின் முன்னுக்கு இருக்கவேண்டுமா பின்னுக்கு இருக்கவேண்டுமா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் காசிம். மற்ற விசரன் நான்.

இப்போது ட்ராக்டர் மெசின் பழகும் தம்பிமார் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். அனுபவம் என்றால் இதுதான்.

கட்சி பிரிந்த கதை

அறுபதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் வாடகைக்கு மெசின் விடும் ஒரு நிலையத்தில் இருவருக்கும் வேலை. காசிம் தண்ணீரூற்று ஊர்ப் பொடியன், என்னைவிட இளையவன், என்னைவிட நல்ல மெக்கானிக். ஊருக்குப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் பழைய மோட்டார் சஞ்சிகைகளை ஒரு கட்டாக எங்கள் நிலையத்தில் விட்டுப்போயிருந்தார். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன். காசிம் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் எடுப்பான்.

நான் கிராண்ட் பிறீ கட்சி. ஐரோப்பாவில் காட்டு றோட்டிலும் ஓடுவார்கள், மொனாக்கோவில் கடைத்தெருவிலும் ஓடுவார்கள். இடமும் திரும்பவேண்டும், வலமும் திரும்பவேண்டும், கியரை ஓயாமல் மாற்றவேண்டும். மழை வந்தாலும் நிற்கமாட்டார்கள். கார் கத்தரிக்காய் அளவு. என்ஜினை ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

காசிம் அமெரிக்கக் கட்சி. இண்டியானாபொலிஸில் ஒரே பாதை, நாலு வளைவு, நாலும் இடப்பக்கம். ஐந்நூறு மைலும் இடப்பக்கமே திரும்புவதால் காரின் பாரத்தையே இடப்பக்கம் தள்ளிச் செய்வார்கள். என்ஜின் பெரிது, முன்னுக்கு இருக்கும். கியர் இரண்டு போதும். மழை பெய்தால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு வகைக்கும் சில்லு வெளியே தெரியும், மேலே மட்கார்ட் கிடையாது. எங்கள் மெசின்களின் முன்சில்லுக்கும் மட்கார்ட் இல்லை. ஆகவே நாங்களும் ஏறக்குறைய அந்த வம்சம்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை.

"மழைக்குப் பயந்து ஒதுங்கிறவன் றேஸ்காரனோடா?" என்பேன்.

"மழைக்கு முதல் வேலையை முடிக்கிறவன்தான் அண்ணை றேஸ்காரன். உங்கட ஆக்கள் குடை பிடிச்சுக்கொண்டு ஓடட்டும்."

எங்களை மேய்க்கும் ஓவசியர் ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "ரெண்டு பேருக்கும் சொல்லுறன், உங்களுக்குச் சம்பளம் தாறது நெல்லடிக்க," என்றார். நாங்கள் நெல்லடிப்பைத் திருத்தத் தொடங்கினோம்.

திருத்தம்

சூடடிப்பு என்பது பரப்பிய கதிரின் மேல் மெசினை வட்டமாக ஓட்டிக்கொண்டே இருப்பது. காசிமுக்கு இதைவிட என்ன வேண்டும்? வைக்கோல் வழுக்கும், ஸ்ரியறிங்கை மட்டும் நம்பினால் முன்சில்லு இழுபட்டு நேரே போகும். மெசினுக்குப் பின்சில்லு ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக் உண்டு. திரும்பவேண்டிய பக்கத்துப் பிரேக்கை மிதித்தால்தான் வட்டம் வரும். இடப்பக்கம் மட்டும் சுற்றுபவனுக்கு வலது பிரேக் எதற்கு என்று யோசித்த காசிம், அதன் நல்ல பட்டியைக் கழற்றி இடது பிரேக்கில் போட்டான். ஸ்பானர் கிடக்கும் ஆயுதப் பெட்டியையும் இடப்பக்கம் கட்டினான்.

நான் என் மெசினை அடக்கிவைக்கும் கவர்னரைத் தட்டி வேகத்தைக் கூட்டிவைத்தேன். ஓவசியரிடம் இருவரும் சொல்லவில்லை. அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தது.

களம்

அன்னம்மாக்காவின் புருஷன் ஆனையிறவு உப்பளத்தில் வேலை. வடமராட்சியில் இருந்து வந்து காடு வெட்டிய காலம் தொட்டு வயலை நடத்துவது அவாதான். அவாவின் முறைப்படி பெண்கள் களத்துக்குள் இறங்குவதில்லை. ஆகவே விளிம்பில் நின்றே ஆட்சி செய்தா.

"செருப்பைக் கழட்டுங்கோ. 'முடிஞ்சுது' எண்டு ஒருத்தரும் களத்திலை சொல்லப்படாது. வலமாச் சுத்துங்கோ."

காசிமின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, இது இடப்பக்கம்தான் வளையும். இண்டியானாபொலிஸிலை..."

"அது ஆரின்ரை களம்?"

"அமெரிக்காக்காரற்றை."

"அவனுக்கு நெல்லைப்பற்றி என்ன தெரியும்?"

"மக்காவுக்குப் போன எங்கட மாமாவும் சொன்னவர், அங்கை இடக்கைப் பக்கமாத்தான் சுத்துறதாம்."

அன்னம்மாக்கா இதை மரியாதையாக யோசித்தா. "அங்கை அதுதான் முறையெண்டால் அங்கை அப்பிடித்தான் சுத்தோணும், தம்பி. இஞ்சை களத்து நடுவிலை பிடிச்சு வைச்ச பிள்ளையார் பாத்துக்கொண்டிருக்கிறார். வலம்."

"கிராண்ட் பிறீ பாதைகளிலை கூடுதலா வலச்சுத்துத்தான்," என்று சொல்லிக்கொண்டு நான் ஏறினேன். இடியும் ஒன்று இடித்தது.

முதல் இரண்டு சுற்று அழகு. பிறகு கூட்டிவைத்த வேகம் தன் குணத்தைக் காட்டியது. பின்சில்லு வைக்கோலை வேலிக்கு அப்பால் எறிந்தது. முன்சில்லு கதிரை மிதிக்காமல் வாரிக்கொண்டு போனது. பறந்த கூளம் எல்லாம் றேடியேற்றரில் போய் அடைத்தது. புட்டுப்பானை மாதிரி ஆவி கிளம்ப, மெசினைக் களத்துக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன்.

காசிம் சிரிக்கவில்லை. சிரிக்க நேரமில்லை. அவன் ஏறி வலமாக வெட்டினான்; நல்ல பட்டியை இழந்த வலது பிரேக் பிடிக்கவில்லை. மெசின் வழுக்கி நேரே அன்னம்மாக்காவை நோக்கி வந்தது. அவா அசையவில்லை. மெசின்தான் நின்றது.

"ரெண்டு மெசின் வந்தும் ஒரு சோடி மாடு செய்யிற வேலை நடக்கேல்லை!" அவாவின் குரல் உடைந்திருந்தது. மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. "முன்னாலை வலமா வரத் தெரியாட்டிப் பின்னாலையாவது வாவன்ரா!"

அது ஏச்சு. காசிம் அதை யோசனையாக எடுத்தான். கொஞ்சநேரம் ஸ்ரியறிங்கைப் பார்த்தான், களத்தைப் பார்த்தான், பிறகு றிவேர்ஸைப் போட்டான்.

இடது பிரேக்கை மிதித்தபடி மெசின் பின்பக்கமாக நகர்ந்தது. களத்தின் நடு அவனுடைய இடக்கைப் பக்கம், ஆனால் போன போக்கு அசல் வலம். பெரிய சில்லு இரண்டும் முதலில் ஏறிக் கதிரை மிதித்தன, சின்னச் சில்லு பின்னால் சாதுவாக வந்தது. றேடியேற்றர் கடைசியில் வந்ததால் கூளம் அதை அண்டவேயில்லை. களத்தில் கதிர் கிளற நின்ற ஆட்கள், நெல் பெருகவேண்டி, "பொலி, பொலி!" என்று கத்தினார்கள். நான் ஈர்க்கால் றேடியேற்றரைக் குத்தித் துப்புரவாக்கி, கவர்னரைப் பழையபடி இறக்கி, தண்ணீர் ஊற்றி, வெட்கத்தை விட்டு, நானும் றிவேர்ஸைப் போட்டுக் காசிமின் பின்னால் சேர்ந்துகொண்டேன். அவனுடைய மெசினின் மூக்கும் என் முதுகும் ஒன்றையொன்று பார்த்தபடி, இரண்டு மெசினும் பின்பக்கமாகப் பிள்ளையாரை வலம் வந்தன.

வைக்கோலை உதறி, நெல்லைக் குவித்து, தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடும்போது முதல் துளி விழுந்தது.

"அப்பாடா, முடி..." என்று காசிம் தொடங்கினான். அன்னம்மாக்கா ஒரு பார்வை பார்த்தா.

"நிறைஞ்சுது அக்கா," என்றான்.

"ஓம், நிறைஞ்சுது," என்றவா, மழைக்குள் நின்று சிரித்தா. எங்களை இருத்தி வைத்துத் தோசை சுட்டுத் தந்தா. காசிமின் கழுத்து தோசையைப் பார்க்க மறுத்து இன்னமும் பின்னுக்கே பார்த்தது.

திரும்பி வரும்போது கேட்டேன்: "எடேய், நீ வலமாச் சுத்தினனீ. போன போக்குக்கு என்ஜின் உனக்குப் பின்னாலை. அப்ப நீ ஓடினது கிராண்ட் பிறீயெல்லோ?"

"மழைக்கு முதல் முடிச்சனான் அண்ணை. அது இண்டியானாபொலிஸ்."

தம்பிமாருக்குப் பாடம் வேண்டுமென்றால், இரண்டு பிரேக்கையும் ஒழுங்காக வைத்திருங்கள், கவர்னரில் கைவைக்காதீர்கள், எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைக் களத்துச் சொந்தக்காரரிடம் முதலே கேளுங்கள்.

சில வருஷம் கழித்து ஒரு புதுச் சஞ்சிகை கைக்கு வந்தது. ஐரோப்பாவின் சின்னக் கார்கள் இண்டியானாபொலிஸுக்கே போய் வென்றுவிட்டன, இப்போது அமெரிக்கர்களும் என்ஜினைப் பின்னுக்கு வைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. வெற்றிக் களிப்போடு காசிமுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு ஆச்சரியமே இல்லை.

"அன்னம்மாக்கா அங்கையும் போய் ஏசியிருப்பா, அண்ணை," என்றான்.