அப்பா தூங்காத படம்

இரவுப் பணி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணனிடமிருந்து ஒரு வாட்ஸப் வந்தது. அப்பாவுக்குப் பிடித்த ஆங்கில நடிகர் நடித்த ஆறு உளவாளிப் படங்களையும் யாரோ இணையத்தில் வரிசைப்படுத்தி எழுதியிருந்ததை அனுப்பியிருந்தான். அதில் என் கட்சியான தீவுப் படத்துக்கு நான்காவது இடம். கீழே 'பாத்தியா?' என்று ஒரு கேள்வி வேறு. ஒரு காலத்தில் இதற்காக அவன் கையைக் கடித்தவள் நான். இப்போது பதில் எழுதக்கூடத் தெம்பில்லை. படுத்தேன். தூக்கமும் வரவில்லை.

அந்த ஆறு படங்களையும் முதலில் வரிசைப்படுத்தியது நாங்கள்தான், காரைக்காலில், சர்ச்சில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில். அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு.

அந்த உளவாளியாகக் காலத்துக்கு ஒரு நடிகர் வந்து போவார். அப்பாவுக்கு நடுவில் வந்த இந்த ஒருவரைத்தான் பிடிக்கும். "மத்தவனெல்லாம் ஓடுறான். இவன் ஒருத்தன்தான் நடக்குறான்" என்பார். எங்கள் கேபிள்காரரிடம் இவருடைய ஆறு படங்களும் தமிழில் பேசும் டிவிடிகளாக இருந்தன. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு உள்ளூர் சேனலில் அவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்ப்பார்.

அப்பாவுக்குப் பூவம் போகும் வழியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூளையடியில் வேலை. சனி இரவு போனவர் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருவார். குளித்துவிட்டுப் பூசைக்கு வருவார், பிரசங்கத்தில் தலை ஆடும், அம்மா இடிப்பாள். மதியம் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, டிவிக்கு எதிரே சிமெண்டுத் தரையில் தலையணை போட்டு, ரிமோட்டை மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு படுப்பார். "இந்த ஆளு எப்ப புள்ள தூங்குவான்?" என்று உளவாளியைப் பார்த்து ஒரு தடவை கேட்பார். கொஞ்ச நேரத்தில் ரிமோட் தரையில் விழும். விழுந்தால் பேட்டரி மூடி தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடும். குனிந்து தவழ்ந்து அதைத் தேடுவது என் வேலை. ஒட்டடையெல்லாம் தலையில் அப்பிக்கொள்ளும்.

ரிமோட் விழும் நிமிடம்தான் படத்துக்கு மார்க். சட்டம் போட்டது அண்ணன். கண் மூடினால் கணக்கில்லை, குறட்டையும் கணக்கில்லை, ரிமோட் விழ வேண்டும். அப்பாவை எந்தப் படம் அதிக நேரம் விழிக்க வைக்கிறதோ அதுவே சிறந்த படம். பனிமலைப் படம் கடைசி, பெயர் போட்டு முடிவதற்குள் ரிமோட் விழுந்துவிடும். அண்ணனின் ரயில் படம் நாற்பது நிமிடத்தில் முதலிடம். என் தீவுப் படம் முப்பத்தைந்தோடு இரண்டாவது. மொபெட்டில் முன்னால் நிற்பது, மீன் தலை எல்லாம் அவனுக்குத்தான். இந்த ஒன்றிலாவது நான் ஜெயிக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. தீவுப் படத்தன்று இருமுவேன், டம்ளரை உருட்டுவேன். "மனுஷன் கண்ண மூடட்டும், வுடேன்டி" என்று அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

பிறகு ஒரு நாள் கம்பெனியை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். அம்மா எங்களிடம் சொல்லத்தான் செய்தாள். எனக்கு அது மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி கேட்டது. அப்பா வாரம் முழுக்க வீட்டிலிருந்தார். மொபெட்டை இரண்டு முறை கழுவினார். டிபன் கேரியர் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது.

அந்த ஞாயிறு தீவுப் படம். முப்பத்தைந்து தாண்டியது, நாற்பது தாண்டியது. ரிமோட் விழவில்லை. தீவு வெடித்து, எழுத்துகள் ஓடி, சேனலில் நகைக்கடை விளம்பரம் வரும்வரை அப்பா கண் கொட்டாமல் பார்த்தார். நான் வீட்டுக்குள் குதித்தேன். மறுநாள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ரயில் படத்தையும் முழுதாகப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் கப்பல் படம். அதையும் விடவில்லை. என் முதலிடத்தில் மூன்று படங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. "எல்லாமே ஃபர்ஸ்ட்டுன்னா போட்டி கேன்சல்" என்று அண்ணன் நோட்டை மூடினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்காவது ஞாயிறு பனிமலைப் படம். அதையும் அப்பா கடைசிவரை பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு. தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.

"தூங்குங்கப்பா. எல்லாத்தையும் பாத்தா நாங்க எப்படி மார்க் போடுறது?"

அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற அம்மா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை.

"எந்த எடத்துல புள்ள தூங்கணும்?" என்றார் அப்பா.

"வண்டி சறுக்கும்ல, அதுக்கு முன்னாடி."

சரி என்று தலையாட்டினார். வண்டி மலையேறத் தொடங்கியதும் கண்ணை மூடினார். கை மார்பிலிருந்து மெல்ல இறங்கித் தரைக்கு வந்தது. விரல்கள் பிரிந்தன. சொன்ன இடத்தில், சொன்னபடி. ஒன்பது நிமிடம் என்று நோட்டில் எழுதினேன். இனி எல்லாமே ஃபர்ஸ்ட் இல்லை, தீவுப் படம் பிழைத்துவிட்டது.

தூங்கும் அப்பாவை இப்போது நினைத்துப் பார்த்தால் தொண்டை ஏறி இறங்கியதுதான் ஞாபகம் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு தூக்கமில்லாமல் கிடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்த வயதில் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ரிமோட் சத்தமே போடாமல் தரையில் இருந்தது. மூடி தெறிக்கவில்லை. கட்டிலுக்கடியில் தவழும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.