ஏட்டையா மச்சினன்

வன்னியம்பட்டி பால்பாண்டி ராஜபாளையத்து மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷின்களைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. தொண்ணூற்றிரண்டில் மில்லை மூடினார்கள். அன்று மற்றவர்கள் கேட்டில் கூடிக் கத்திக்கொண்டிருக்க, இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதற்கும் வருத்தப்பட்டோ சந்தோஷப்பட்டோ மனைவி முத்துப்பேச்சி பார்க்கவில்லை.

வேலை கேட்டுப் போகிறவன் தன் பேரைக் கடைசியில் சொல்வதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். முதலில் ஊர், பிறகு இன்னார் மகன். சொந்தத்தில் பட்டாளத்திலோ போலீஸிலோ ஒருவர் இருந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் பேர். பால்பாண்டியின் அக்காள் புருஷன் ஐயாதுரை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஏட்டாக இருந்தார். எங்கே போனாலும் தன் பேரைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பால்பாண்டியும் சொன்னார். போன மில்களில் எல்லாம் நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், கடைசியில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்றார்கள். ஏட்டையா மச்சினன் கேட்டில் நின்றால் திருட்டுப் பயம் இல்லை. உள்ளே மிஷினில் விட்டால், நாளைக்கு ஒரு வார்த்தை திட்ட முடியுமா?

"பேசாம காக்கித் துணி எடுத்துத் தச்சிருவமா? எல்லாரும் அதத்தான சொல்லுதாக" என்றாள் முத்துப்பேச்சி.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒருமுறை வாட்ச்மேனாக நின்றுவிட்டால் அப்புறம் எவரும் தன்னை ஸ்பானரைத் தொட விடமாட்டார்கள் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாணம். பழைய மில்லில் கூட வேலை பார்த்த சந்தனம் பந்தியில் பக்கத்தில் இருந்தான். கை கழுவப் போன ஒருவரைக் காட்டி, புதிதாகத் திறந்த மில்லின் மாஸ்டர், ஆள் எடுப்பது அவர்தான் என்றான். ஃபிட்டர் தேடுகிறாராம். ஏட்டையா பேரைச் சொல்ல மறந்துவிடாதே என்று முதுகில் தட்டி எழுப்பிவிட்டான்.

குழாயடியில் ஒரே நெரிசல். மாஸ்டர் ஈரக் கையோடு திரும்பி, யார் என்று கேட்டார். சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த முதல் வரியை எடுக்கப் பால்பாண்டிக்கு அன்றைக்கு அலுப்பாக இருந்தது.

"பால்பாண்டிங்கய்யா. ரிங் பிரேம் ஃபிட்டரு. மில்ல மூடிட்டாக. சும்மா இருக்கேன்."

மாஸ்டர் கையை உதறிக்கொண்டே கேட்டார். "மிஷின முழுசாக் கழத்தி ஓவராலிங் தனியாப் பாப்பியா?"

"தனியாப் பாத்ததில்லைங்கய்யா. கூட ரெண்டு ஆள் குடுத்தாப் பாப்பேன்."

"யாரு சொல்லி வந்தே?"

"யாரும் சொல்லலங்கய்யா."

பின்னாலேயே வந்து நின்ற சந்தனம் தலையில் அடித்துக்கொண்டான்.

"அப்ப உனக்காகப் பேச ஒருத்தரும் வரமாட்டாக?"

"வரமாட்டாக."

"திங்கக்கிழம வா. ஒரு மாசம் பாப்பேன். சரிப்படலன்னா போகச் சொல்லிருவேன்."

மறுநாளே ஐயாதுரை வியர்வையில் நனைந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து நின்றார். சந்தனம் வழியில் பார்த்து எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான்.

"எம் பேரச் சொன்னா வாயி கோணிருமா மாப்ள?"

பால்பாண்டி பாயை எடுத்து விரித்துப் போட்டார். ஐயாதுரைக்கு வேகம் கூடியது. திங்கட்கிழமை தானே யூனிஃபார்மோடு மில்லுக்கு வந்து மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னார். முத்துப்பேச்சி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வராதீக மச்சான்" என்றார் பால்பாண்டி.

ஐயாதுரை தட்டைப் பார்த்தார். மச்சினன் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கெஞ்சலாவது இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். அந்தப் பொங்கலுக்கு அக்காள் வரவில்லை.

திங்கட்கிழமை பால்பாண்டி ரிங் பிரேம் அடியில் குனிந்து சாயங்காலம்வரை வேலை பார்த்தார். திட்டும் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும், மறுபடி மில்லுக்குள்ளே போனது எப்படி இருந்தது என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார்.

"சத்தமா இருந்துச்சு" என்றார்.