அப்பா வரும்வரை பூக்காத பிச்சி

கழக்கூட்டம் என்ற ஊரில் இப்போது நான் இருக்கும் ஃபிளாட்டின் பால்கனியில் ஒரு பிச்சிக் கொடி நிற்கிறது. அது மொட்டு விடும்போதெல்லாம் சின்ன வயதில் இருந்த கரமனை வீட்டுக் கிணற்றடிக்குப் போய் அம்மா பக்கத்தில் நிற்கவேண்டும் போல மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அந்தக் கிணற்றடியில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது காசித்தும்பைதான். விதைத்தால் அப்பாவின் லீவு முடிவதற்குள் பூத்துவிடும் என்பது அவள் கணக்கு. துபாயிலிருந்து வந்திருந்த அப்பாவோ நாகர்கோவில் பக்கம் போய் ஒரு பிச்சிப் பதியனோடு திரும்பினார்.

"ஒரு மழையோட போற செடி எதுக்கு? நட்டா வருஷக்கணக்கா நிக்கணும்லா" என்றார்.

"நீங்க இருக்கும்போதே பூக்கிறது ஒண்ணு நடப்பிடாதா?" என்றாள் அம்மா. பூவுக்காக இப்படி ஒரு சண்டையா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

இந்த ஊர் மழைக்குப் பள்ளத்தில் நட்டால் வேர் அழுகும் என்று அப்பா மண்ணை மேடாகக் கூட்டி, சாணிப்பொடி போட்டு நட்டார். செடி வேர் பிடிக்கும் முன்பே அவர் விமானம் ஏறிவிட்டார். அடுத்த வருஷம் அது மதிலைப் பிடித்து ஏறிக் கொத்துக் கொத்தாக மொட்டு விட்டது. பிச்சி வைத்துக்கொண்டு வரப்போவதாக நான் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், அம்மா கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறாள். மொட்டெல்லாம் தரையில் கிடந்தது.

"மொட்டு வந்த செடிய ஆராவது வெட்டுமா சேச்சி? கஷ்டமாயிப்போயி" என்று மதிலுக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு மலையாளி அக்கா வருத்தப்பட்டாள்.

"கவாத்து பண்ணாத்தான் நல்லா வரும்" என்றாள் அம்மா. நான் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தேன். அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. கோபம் எனக்கு மட்டும்தான் இருக்கவேண்டும் என்று அதற்கும் எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை தோறும் அப்பா போன் செய்வார். "பிச்சி பூத்துச்சா?" என்பது அவருடைய முதல் கேள்வி.

"இன்னும் இல்ல. நீங்க எப்ப வாறீங்க?" என்பது அம்மாவின் பதில். மொட்டை வெட்டிய சனிக்கிழமைக்கு முந்தின நாள் போனிலும் இதையேதான் கேட்டிருந்தாள். கம்பெனியில் லீவு தள்ளிப்போய்விட்டது என்று அன்றைக்கு அப்பா சொன்னார். போனை வைத்தபிறகு அவள் வெகுநேரம் கிணற்றடியில் நின்றாள்.

வெட்டிய செடி சும்மா இருக்குமா, மழை விட்டதும் மறுபடி துளிர்த்து மொட்டு விட்டது. மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை லீவு தள்ளிப்போயிற்று. மறுபடியும் அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். காசித்தும்பை கிடைக்காத ஆத்திரத்தைப் பாவம் பிச்சியின்மேல் தீர்த்துக்கொள்கிறாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

கடைசியில் அப்பா வந்தார். விளக்கு வைக்கும் நேரம். பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே பின்பக்கம் போனார். மதில் முழுக்க மொட்டுகள் அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தன. முதல் பூவை அவரே பறித்து அம்மாவிடம் நீட்டினார்.

"பாத்தியா, இத்தன நாளும் பூக்காம நான் வர்றதுக்குக் காத்திருந்துருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

உண்மையைப் போட்டு உடைக்க நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "மக்களே, போய் நார் எடுத்துட்டு வா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா திட்டுவார் என்றுதான் பயப்படுகிறாள் என்று எனக்குப் பட்டது.

நான் ஓடிப்போய் நாரைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மாவை ஒரு பெரிய திட்டிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில், அப்பாவின் லீவு முடியும்வரை வீட்டுக்குள் தலை நிமிர்ந்து திரிந்தேன்.