அரை விரல் பிசிறு

கிளாரியின் டிராக்டர் எஞ்சின் போலி என்ற வதந்தி, ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்துப் பழைய டிராக்டர் திருவிழாவில் காலையில் வாங்கிய இறைச்சிப் பேஸ்டி ஆறுவதற்குள் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. கிளப்பியவர் டெஸ். போன வருஷம் ‘தொழிற்சாலையை விட்டு வந்தபடியே’ பிரிவில் நீல ரிப்பன் வாங்கியவர். இந்த வருஷமும் வாங்கிக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

“சிமெண்டுச் சுவரு மாதிரி சொரசொரங்குது பாருங்க. எவனோ கொல்லையில உருக்கி ஊத்தியிருக்கான்.”

கிளாரிக்கு முகம் செத்துவிட்டது. ஆறு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்த எஞ்சினுக்குக் கொடுத்தவன். போலி என்று தீர்ப்பானால் ரிப்பனோடு டிராக்டர் சங்கத்தில் அவன் பேரும் போய்விடும்.

நடுவர் மெர்ல் டிரெஜென்சா வதந்தியை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்தபோது, இதே எஞ்சின்களை வார்த்த பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பெண்களில் ஒருவர். மணல் அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் இரும்பு பிதுங்கி நிற்கும். அந்தப் பிசிறைச் சாணைக்கல்லால் தேய்த்துத் தள்ள வேண்டும். வேறு பாகம் வந்து பொருந்தும் முகங்களை மட்டும் இழைப்பார்கள். மீதியெல்லாம் மணல் பதிந்த தோலோடு, நட்டு போல்ட்டு உட்பட ஒரே சாம்பல் பெயிண்டில் நனைந்து வெளியேறும். அழகு பார்க்க அங்கே யாருக்கும் நேரம் கிடையாது.

மெர்லுக்கு இடது கைப் பழக்கம். சாணைக்கல் விட்டுப்போகும் கீறல் மற்றவர்களுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அவருடையது மறுபக்கம் சாயும். “உன் வேலைய இருட்டுலகூடக் கண்டுபிடிச்சிரலாம்” என்பார் ஃபோர்மேன்.

புகைக்குழாய்க்கு அடியில் விரலை விட்டுத் தடவியவர் சிரித்துவிட்டார். கீறல்கள் மறுபக்கம்தான் சாய்ந்திருந்தன. கடைசியில் அரை விரல் நீளத்துக்குப் பிசிறு அப்படியே நின்றது.

“அசல்தான்டா கிளாரி. என் கைதான் இது. பாதியில சங்கு ஊதிட்டாங்க. நாளைக்கு முடிச்சுத் தர்றேன்னு ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டுப் போனேன். மறுநாள் வந்து பாத்தா, பெயிண்டு அடிச்சு அனுப்பிட்டாங்க.”

“தான் செஞ்ச வேலைக்குத் தானே மார்க்கா? நல்லாருக்கு நியாயம்!” என்றார் டெஸ்.

“உன்னுதும் நான் தேய்ச்சதா இருக்கலாம் டெஸ். எங்க பாக்குறது? நீதான் கண்ணாடியாட்டம் வழிச்சு வெச்சிருக்கியே. அதுல தலைதான் சீவலாம்.”

ரிப்பன் கிளாரிக்குப் போனது. வாங்கிய கையோடு அவன் ஒரு அரத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

“நாப்பத்து நாலு வருஷப் பாக்கி மெர்ல். இப்பவாவது முடிச்சுக் குடுத்துருங்களேன்.”

“தேய்ச்சா ரிப்பன் போயிரும்டா.”

“அப்போ ஃபோர்மேனுக்கு என்ன பதில்?”

மெர்ல் அரத்தை அவன் சட்டைப்பையிலேயே சொருகினார்.

“நாளைக்குன்னுதானே சொல்லியிருக்கேன்.”