ஒன்பது இடம்

சின்னையா என்றால் அந்தப் பட்டணத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கம்பிச் சின்னையா' என்றால் சின்னக் குழந்தையும் வழி காட்டும். மலாயாவில் ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில் இருந்த சிறிய பட்டணம் அது. அதன் நகரசபை ஆபீசில் அவர் கட்டட ஓவர்சியர். ஆறடி நீளம், சுண்டுவிரல் கனம், தலையில் ஒரு குறுக்குப்பிடி. அந்த இரும்புக் கம்பியைத் தோளில் சாய்த்தபடிதான் தெருவில் நடப்பார்.

பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். புதுக்காட்டில் கன்று நட வரிசை பிடித்தபோது, அளவுக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பிடித்தார். அளவு கைவந்தது, அதோடு கொஞ்சம் எழுத்தும் கைவந்தது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்துவிட்டார். லயத்திலிருந்து ஒருவன் சப்பாத்து போட்டு உத்தியோகத்துக்குப் போவது அந்தக் காலத்தில் லேசான விஷயமில்லை. அவர் மனைவி மங்களம், ஆபீஸ் கொடுத்த இரண்டு அறை வீட்டின் வாசலைக் காலையிலும் மாலையிலும் பெருக்குவாள்.

அவருடைய வேலை இதுதான். யாராவது வீடோ கடையோ கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால், கல் போட்டு மூடுவதற்கு முன்பு போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஊர் மண்ணை நம்பமுடியாது. பாதி இடம் ஈயம் தோண்டிய பழைய லம்பக் குழி. ஈயத்தை அள்ளிக்கொண்டு போனவர்கள் குழியைச் சேற்றாலும் மணலாலும் நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். மேலே புல் முளைத்துவிட்டால் அது மனை. ஆகவே நான்கு மூலை, நான்கு பக்கத்து நடு, மையம் என்று ஒன்பது இடத்தில் கம்பியை இறக்கிப் பார்ப்பார். ஒன்பதிலும் கெட்டி தட்டினால்தான் வானத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுவார். குறி விழாமல் கொத்தனார்கள் கல்லைத் தொடமாட்டார்கள்.

மூன்று ஓவர்சியர்கள் இருந்தவரை இது நடந்தது. ரப்பர் விலை சரிந்த வருஷம் செலவைக் குறைக்கிறோம் என்று இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் விலை ஏறியபோது கையில் காசு பார்த்தவனெல்லாம் கட்டடம் கட்டக் கிளம்பினான். அனுப்பிய இரண்டு பேரை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாகப் புதிய சட்டங்கள் வந்தன. பின்சந்து இத்தனை அடி, காற்றுமுற்றம் இத்தனை அடி, ஒவ்வொன்றுக்கும் நிரப்பிக் கொடுக்க ஒரு பாரம். எழுதுகிறவர்களுக்கென்ன, மேஜையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். வெயிலில் நடப்பவர் ஒருவர்தானே!

இன்னொரு விதியும் இருந்தது. வானம் தோண்டியாயிற்று என்று எழுதிக் கொடுத்து ஏழு நாளில் ஆபீசிலிருந்து ஆள் வராவிட்டால், கட்டுகிறவர் தாமே மூடிக்கொள்ளலாம். சின்னையாவைத் தின்றது இந்த ஏழு நாள்தான். ஒரு மனையில் ஒன்பது இடமும் பார்த்தால் மற்ற மனைகள் பார்க்காமலே மூடப்படும். ஒன்றுமே பார்க்காததற்கு ஒரு குத்தாவது மேல் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்படித்தான் ஒரே நாளில் பதினொரு மனைக்கு ஓடினார். கடைசி மனை பழனியப்பனுடையது. கட்டட கன்ட்ராக்டர், பேச்சில் சர்க்கரை தடவுகிற மனிதர். மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விட மாடிவீடு எழுப்பிக்கொண்டிருந்தார். சின்னையா ஒரு மூலையில் கம்பியை இறக்கினார். இரண்டடியில் 'டங்' என்று கல் தட்டியது. சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டுத் திரும்பினார்.

அந்த ஊரில் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் பல்வரிசை மாதிரி நிற்கும். ஒரு பல்லின் மேல் கம்பி பட்டால் கல் பூமி என்று தோன்றும். ஒரு முழம் தள்ளிக் குத்தினால் அடியில்லாத சேறு. ஒன்பது இடம் என்ற கணக்கே அதற்காகத்தான். இது சின்னையாவுக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குக் கால் வலித்தது, பொழுது சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து, வீடு ஓடு வேய்ந்து நின்றபோது, பக்கத்து மனையில் கிணறு தோண்டினார்கள். வழியில் போன சின்னையா எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று லம்பச் சேறு. பழனியப்பன் வீட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போதே கம்பியோடு வந்து, விட்டுப்போன எட்டு இடத்திலும், சுவரையொட்டியும் வீட்டுக்குள் மண்தரையின் நடுவிலும், இறக்கினார். ஏழு இடத்தில் களிக்குள் போவதுபோல் பிடிவரை இறங்கியது.

"யாருக்கும் தெரியாது. வாய மூடிக்கிட்டு இருந்தா என்னவாம்?" என்றாள் மங்களம்.

"குடி வரப்போறாங்க, மங்களம். புள்ளகுட்டியோட வருவாங்க."

ஆபீஸ் ரிஜிஸ்தரில் தன் கையாலேயே எழுதினார்: ஒரே இடத்தில் பார்த்துவிட்டுக் குறி போட்டேன், தவறு என்னுடையது, இந்த வீட்டில் யாரும் குடியிருக்கக் கூடாது. மற்றப் பத்து மனையையும் திரும்பக் குத்திப் பார்த்தார். நல்லவேளை, அவையெல்லாம் கெட்டி. பழனியப்பன் வீட்டுக் கதவில் தடை நோட்டீஸ் ஒட்டினார்கள், சின்னையாவுக்குச் சீட்டுக் கிழித்தார்கள். ஒருவர் செய்த வேலைக்கு இனி ஒருவருமில்லை என்று ஆயிற்று. அதை யாரும் ரிஜிஸ்தரில் எழுதவில்லை.

சின்னையா ஆறு மைல் தள்ளியிருந்த தோட்டத்தில் கூலியாக ரப்பர் பால்வெட்டப் போனார். மங்களம் லயத்து வாசலைப் பெருக்கவில்லை.

இருபத்தாறு டிசம்பரில் மழை விடாமல் கொட்டியது. பால்வெட்டு இல்லாத ஒரு சனிக்கிழமை காலை அரிசி வாங்கப் பட்டணத்துக்கு வந்தவர், மார்க்கெட்டுக்குப் பின்னால் கால் போன போக்கில் நடந்தார். அந்த வீட்டில் புகை வந்தது. கதவில் நோட்டீஸ் இல்லை. ஜன்னல் கம்பியில் குழந்தையைத் தூங்கவைக்கும் ஏணைத்துணி கட்டியிருந்தது.

பழனியப்பனிடம் ஓடினார்.

"அடைச்சி வச்சா வீடு குட்டியா போடும்? மாடியில அஞ்சு மாசமா ஆளு இருக்கு. யாராச்சும் வந்து ஏன்னு கேட்டாங்களா? கேக்க ஆளே இல்லலா," என்றார் பழனியப்பன். பிறகு சிரித்துக்கொண்டே, "நீ இப்ப எந்த ஆபீசுல, சின்னையா?" என்றார்.

ஆபீசில் எழுத்துவேலை பார்க்கும் பழைய கிராணி தலை நிமிரவில்லை. "ஓவர்சியர் இல்லண்ணே. எழுதிக் குடுங்க, வரிசையில வைக்கிறேன்."

"எப்ப பாப்பீங்க?"

"ஆளு போட்டா பாப்பாங்க."

மூலையில் அவருடைய கம்பி துரு ஏறிச் சாய்ந்திருந்தது. கேட்காமலே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்லை இனி யார் கேட்பார்கள்?

கீழ்வீட்டுக் கதவைத் திறந்தவள் செல்லாயி. புருஷன் சாக்கடை வேலைக்குப் போயிருந்தான். இடுப்பில் குழந்தை.

"இந்த வீடு நிக்காது தாயி. வெளிய போயிருங்க."

"எங்கண்ணே போறது? போன மாசந்தான் வந்தோம். நீங்க யாரு?"

சின்னையா கம்பியைத் தோளிலிருந்து எடுத்தார். அடுப்படிச் சுவருக்கு வெளியே அவளைக் கூட்டிப்போய்க் கம்பியை மண்ணில் நட்டார். "நான் சொன்னா நம்பவேணாம். நீயே அமுக்கு."

குழந்தையை இடது கையில் மாற்றிக்கொண்டு, செல்லாயி வலது கையால் பிடியை அமுக்கினாள். சும்மா அமுக்கினாள். கம்பி இறங்கியது, இன்னும் இறங்கியது, பிடி மண்ணைத் தொட்டது. அவள் கையை எடுத்துப் பார்த்தாள், சுவரை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய் முதலில் ஏணையை அவிழ்த்தாள்.

மத்தியானத்துக்குள் மாடியில் இருந்தவர்களும் சட்டிபானையோடு மாரியம்மன் கோவில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் அடுப்படிச் சுவர் உட்கார்ந்தது, மாடி அதன்மேல் வந்து விழுந்தது. காலி வீடு, உயிர்ச்சேதம் இல்லை என்று ரிஜிஸ்தரில் பதிந்தார்கள். காலி செய்தது யார் என்று பதிய இடமில்லை.

மாசி மாதத்தில் செல்லாயி குழந்தையோடு தோட்டத்து லயத்துக்கு விசாரித்துக்கொண்டு வந்தாள். ரயில் பாதையோரம் ஒரு குடிசை போட இடம் கிடைத்திருக்கிறதாம். "ஒரு தடவ வந்து பாத்துருங்கண்ணே." மங்களந்தான் உள்ளே போய் மூலையிலிருந்த கம்பியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

அங்கே முதல் மூலையில் கம்பியை இறக்கினார். இரண்டடியில் 'டங்' என்று தட்டியது. செல்லாயி முகம் மலர்ந்தது.

"போதும்ண்ணே, கல்லு இருக்கு."

சின்னையா கம்பியைப் பிடுங்கி நுனியைத் துடைத்தார்.

"இன்னும் எட்டு இருக்கு தாயி," என்றார்.