மக்காச்சோளம் காய்ந்த சோதனைச் சாலை

எங்கள் துறையில் ஒரு புதிய பொருள் சாலைக்கு வந்து சேர்வதற்குள் அதைக் கண்டுபிடித்தவர் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தி எடுத்துவிடுவார். குறையாகச் சொல்லவில்லை. நானும் அதே சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகத்தான் சம்பளம் வாங்குகிறேன். முதலில் ஆய்வகத்தில் சோதிப்போம். பிறகு ஏதாவது ஓர் ஊரில் அரை கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்ப்போம். அது தாக்குப்பிடித்தால் ஒரு குழு கூடும். அந்தக் குழு டீ குடித்துவிட்டு இன்னொரு குழுவை அமைக்கும்.

அப்படி ஓர் அரை கிலோமீட்டர், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தது. தானாக வரவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். பழைய டயர்களை அரைத்து, அந்தத் தூளைத் தாரில் கலந்து போடும் சாலை அது. மழையில் சக்கரம் வழுக்காது என்பார்கள்.

நான் அதற்காக அலைந்ததற்குக் காரணம், எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் வளைவு. சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திக்கொண்டே போகும் பொடி, ஒரு தூறல் விழுந்தால் அங்கே குழம்பாகிவிடும். அதில்தான் அப்பா மொபெட்டோடு விழுந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிராய்ப்புதான். அப்பாவின் காலுக்குள் இப்போது ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. இன்றும் அந்த இடம் வந்தால் வண்டியில் இருந்தபடியே இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு போவார்.

வளைவிலேயே புதுத் தாரைப் போடுங்கள் என்று கேட்டேன். சோதனைக்கு நேர்ச்சாலைதான் வேண்டும் என்றார்கள். ஆனால் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பிரிவு அதிகாரி ஒரு வாக்குக் கொடுத்தார். "இது பாஸாச்சுன்னா அடுத்தது உங்க வளைவுதாம்மா." அந்த ஒரு சொல்லுக்காக ஓராண்டு காத்திருந்தேன்.

சாலையின் ஒவ்வொரு பாதியிலும் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் பதித்து, ஓரத்தில் தனித்தனிப் பெட்டியோடு இணைத்திருந்தோம். சக்கரம் ஏறி இறங்கும்போது பெட்டி எண்ணிக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் போய் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, நேரான மரச் சட்டம் வைத்துச் சாலையில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அளப்பேன். முந்தின நாளே வீட்டுக்குப் போன் போட்டு, "நாளைக்கு அந்தப் பக்கம் வர்றேம்மா" என்று சொல்லிவிடுவேன். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்துவிடுவாள். அரசாங்க வேலையாகவும் ஆயிற்று, அம்மா கைச் சோறாகவும் ஆயிற்று.

தை பிறந்ததும் ஓர் அதிசயம் நடந்தது. லோடு லாரி போகும் கிழக்குப் பாதியில் ஒரு மயிரிழைப் பள்ளம்கூட இல்லை. காலி லாரி திரும்பும் மேற்குப் பாதியில் லேசாகக் குழி விழத் தொடங்கியிருந்தது. நியாயமாக இது தலைகீழாக இருக்க வேண்டும். கிழக்குப் பெட்டியைப் பார்த்தால் அங்கே வண்டியே போகவில்லை என்று காட்டியது. பெட்டி கெட்டுவிட்டது என்று நானாக முடிவு செய்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கருவி ஒத்துவராத எண்ணைக் காட்டினால் கருவிதான் குற்றவாளி. அது பழகிப்போன வழக்கம். மேற்கே எவ்வளவோ அவ்வளவே கிழக்கேயும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். லோடு லாரி ஓடியும் கிழக்குப் பாதி அசையவில்லை என்று சென்னை அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை நேரில் வந்து பார்த்து முடித்துவிடலாம் என்றார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வேறு வேலையாகச் செந்துறைப் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது, போன் போடாமல், ஊர் வழியாக ஜீப்பை விடச் சொன்னேன்.

கிழக்குப் பாதி முழுக்க மஞ்சளாக இருந்தது. என் சோதனைச் சாலையின் மேல் அரை கிலோமீட்டருக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல் வரிசை. லோடு லாரி, காலி லாரி, பஸ் எல்லாம் மேற்குப் பாதியிலேயே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு, காலால் சோளத்தைக் கிளறியபடி ஓர் அம்மாள் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் அம்மா! குழாய் கிழிந்துவிடக் கூடாதென்று அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டு வைத்திருந்தாள். அரசாங்கச் சொத்தின்மேல் அவ்வளவு அக்கறை.

"ஏண்டி, போன் போட்டுட்டு வர மாட்டியா? போட்டிருந்தா அள்ளியிருப்பேன்ல?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு முறையும் அளக்கப் போகும் முன் நானே தகவல் சொல்லி, சாலையைக் காலி செய்ய வைத்திருக்கிறேன்.

"ஊர்ல இவ்வளவு ரோடு கெடக்கு. இதுலதான் போடணுமா?"

"பழைய ரோட்டுல மூணு நாளாவுது. இது சூடு நல்லா புடிக்குது, ரெண்டே நாள்ல காஞ்சிருது. மண்ணு ஒட்டல. எல்லாம் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

நாங்கள் ஓராண்டாகச் செய்யும் ஆராய்ச்சியை அவள் ஒரே வாரத்தில் முடித்து, நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டாள். குழு கூடவில்லை, டீ குடிக்கவில்லை.

சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் திங்கட்கிழமை சோதனை பாஸாகிவிடும். வளைவும் கிடைத்துவிடும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தார் உண்மையில் தாங்காமல், அதே வளைவில் இன்னொருவர் விழுந்தால்? ஞாயிறு மதியம் அதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கிழக்குப் பெட்டி காட்டிய எண்ணை அவர் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப பெட்டி ஒழுங்காத்தான் எண்ணியிருக்கு. காய வச்சது யாரு?" என்றார்.

"எங்க அம்மா சார்."

"சரி. இன்னும் ஒரு வருஷம் ஓடட்டும்மா. வளைவை அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். உன் சோளத்தால்தான் வளைவு போயிற்று என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் சாலையில் ஒரு மணி சோளம் இல்லை. எங்களுடையது ஓட்டு வீடு. காயவைக்க மாடி கிடையாது. ஈரத்தோடே வியாபாரிக்குத் தள்ளிவிட்டாள் என்று அப்பா சொன்னார். ஒரு கதிரைக்கூடக் காக்காய்க்கு விட்டுக்கொடுக்காதவள் அவள்.

அந்த வாரக் கடைசியில் அளக்கப் போனேன். இந்த முறை போன் போடவில்லை. கிழக்குப் பெட்டியைப் பார்த்ததும் திகைத்துப்போனேன். மேற்கைவிட இரண்டு மடங்கு வண்டி! பாடம் கற்றிருந்ததால் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. லாரிகள் வரும் திசையில், சாலை இரண்டாகப் பிரியும் முக்குக்குப் போனேன்.

அங்கே அம்மா மோர்ப் பானையோடு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். வழக்கமாக ஏரிக்கரைச் சாலையில் திரும்பும் லோடு லாரிகளையும் மறித்து, "அந்தப் பக்கம் வேணாம்பா, இப்படிப் போங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று எங்கள் சாலைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். சோளம் படுத்துக்கிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்து வண்டி ஓட்டி, நேர் செய்துவிடப் பார்க்கிறாள்.

"அம்மா, இதுவும் தப்பும்மா. நீ கூட்டிட்டு வர்ற லாரியையெல்லாம் எண்ணக் கூடாது."

"சோளம் போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வளைவுல உங்கப்பா ரத்தத்தோட கெடந்தப்ப எத்தன லாரிக்குக் கை காட்டினேன் தெரியுமா ஒனக்கு? ஒண்ணும் நிக்கல. இப்ப நிக்கிறானுவ. எண்ணக் கூடாதுன்னா எண்ணாம போ. நான் நிறுத்துவேன்."

இதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் இன்னொரு லாரி வந்தது; அம்மா கையை நீட்டினாள், அது நின்றது. அந்த வாரத்து எண்ணிக்கையை நான் பிறகு அடித்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் அன்றைக்கு, ஒரு தம்ளர் மோரை மொண்டு, அந்த டிரைவரிடம் நானே எட்டிக் கொடுத்தேன்.